பல்லுக்கு அடியில் கடை முடிச்சு

கத்தரிக்கோல் 'க்ளிக்' என்று சொன்ன பிறகுதான், தான் செய்த காரியம் தையல் மாஸ்டருக்கு உறைத்தது.

கடையை ஒட்டிய வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குள் ஐம்பத்தைந்து வயது வாய் ஒன்று 'ஆ'வென்று திறந்திருந்தது. மேல்வரிசை முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை நூல். நூலில் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு அப்பால் எதுவும் இல்லை. ஒட்ட நறுக்கியாகிவிட்டது. நறுக்கியது வேறு யாருமில்லை, அவரேதான்.

"அய்யய்யோ!" என்றார். வாயை மூடாமல் சொன்னதால் அது ஏதோ ஆடு கத்தினது போலக் கேட்டது.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முப்பது வருஷமாகக் கோட்டு தைக்கிற கை. ஊசி உள்ளே போய் வெளியே வந்தால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போட்டால் நறுக்க வேண்டும். இதற்கெல்லாம் அந்த விரல்கள் மூளையிடம் அனுமதி கேட்பதே இல்லை. பல் டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் வளையத்தில் நூலைக் கோத்தார், பொய்ப்பல் பிரிட்ஜுக்கு அடியில் விட்டார், பின்பக்கமாக எடுத்தார். 'அட, பாவாடைக்கு நாடா கோக்கறதைவிடச் சுலபமா இருக்கே' என்று சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்ட அந்த ஒரு விநாடியில், விரல்கள் நூலைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து மிச்ச வேலையையும் பார்த்துவிட்டன.

அதுவும் சாதாரண முடிச்சா? கடை முடிச்சு!

கடை ஆரம்பித்த புதிதில் ஒரு வாடிக்கையாளர், பொத்தான் தெறித்து விழுந்துவிட்டது என்று நடுத்தெருவில் நின்று மானத்தை வாங்கினார். அன்று மாஸ்டரும் அவர் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, நூலைப் போட்டு உருட்டிப் புரட்டி, கடைக்கென்றே ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். இழுக்க இழுக்க இறுகும். அதற்கப்புறம் துணி கிழிந்திருக்கிறது, பொத்தானே இரண்டாக உடைந்திருக்கிறது, முடிச்சு மட்டும் அசைந்ததில்லை. உலகத்தில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவிழ்க்க அந்த இரண்டு பேருக்குமே தெரியாது. அவிழ்க்கிற மாதிரி இருந்தால் அது என்ன முடிச்சு?

அப்படிப்பட்ட முடிச்சு இப்போது அவர் வாய்க்குள்.

பிரிட்ஜ் வந்த கதையும் நூல் விஷயம்தான். மாஸ்டருக்கு நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம். "கத்தரிக்கோல்தான் கையிலயே இருக்கே, ஏங்க பல்லால கடிக்கறீங்க?" என்று மாஸ்டரம்மா இருபது வருஷம் கேட்டுப் பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மாதான். இருபத்தோராம் வருஷம் பல்லே பதில் சொல்லிவிட்டது. ஆடிப்போன பல்லைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்த இரண்டு பல்லுக்கும் தொப்பி மாட்டி, நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிட்டு பிரிட்ஜ் கட்டினார் டாக்டர்.

"இந்த நடுப்பல்லுக்கு வேர் கிடையாது. ஈறு மேல சும்மா உக்காந்திருக்கும். அடியில சாப்பாடு போய் ஒளிஞ்சுக்கும், பிரஷ் அங்க எட்டாது. தினமும் நூல் விட்டுத் துடைச்சு எடுக்கணும். சோம்பேறித்தனம் பண்ணினா, தாங்கிப் பிடிக்கிற ரெண்டு பல்லும் சேர்ந்து போயிடும்" என்று எச்சரித்தார்.

மாஸ்டரம்மாவுக்குக் கடைவாயில் ஏற்கெனவே ஒரு பிரிட்ஜ் உண்டு. இந்த விஷயத்தில் ஆறு மாதம் சீனியர். சீனியர் என்றால் சாதாரண சீனியர் இல்லை, மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வருகிறவர். அன்று படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"தினமும் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன்."

"பண்ண மாட்டீங்க."

"பந்தயமா?"

"பந்தயம்!"

"ஆறு மாசம் கழிச்சு டாக்டர் வாயால 'சுத்தமா இருக்கு'ன்னு வரலைன்னா, கட்டிங் டேபிள் உன்னோடது. நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு ஓரமா உக்காந்துக்கறேன், போ!"

வீராப்பில் வாய் தவறி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பந்தயப் பொருளின் விலை புரிந்தது. ஏனென்றால் தையல்காரருக்குக் கட்டிங் டேபிள்தான் சிம்மாசனம். துணியை விரித்து, கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலை எடுக்கிறவர்தான் மாஸ்டர். மற்றவர்கள் எல்லாம் தைக்கிறவர்கள். 'ஒரே ஒரு கோட்டு வெட்டிப் பாக்கறேங்க' என்று மாஸ்டரம்மா பதினைந்து வருஷமாகக் கேட்கிறார். 'அடுத்த தடவை' என்று மாஸ்டரும் பதினைந்து வருஷமாகச் சொல்கிறார்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காக நூல் விட்டார். மூன்றாம் நாள் நூலோடு கொஞ்சம் ரத்தம் எட்டிப் பார்த்தது. மாஸ்டருக்குத் தலை சுற்றியது. அன்றோடு நூலை மூடி வைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை மூன்று நிமிஷம் திறந்துவிட்டுத் திரும்பினார். வெளியே வரும்போது துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். நடிப்பில் குறை சொல்ல முடியாது.

இன்றைக்கு நாலு மணிக்கு ஆறு மாத செக்கப். ஆறு மாத அழுக்கை ஒரே காலையில் எடுத்துவிடலாம் என்று பத்து மணிக்கு உள்ளே வந்தவர்தான், இப்போது கண்ணாடியைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறார்.

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, இன்னுமா உள்ள இருக்கீங்க?"

"ம்."

"நூல் விட்டாச்சா?"

"ம்." அதில் பொய் ஒன்றும் இல்லை. நூல் விட்டாச்சு. வரத்தான் மாட்டேன் என்கிறது.

"வக்கீல் சார் பன்னெண்டு மணிக்கு ட்ரயலுக்கு வராராம். நாளைக்குக் காலையில அவருக்கு ஏதோ பெரிய விழாவாம், கோட்டு கண்டிப்பா வேணுமாம்."

"ம்ம்."

"என்ன, எது கேட்டாலும் ம்முங்கறீங்க?"

மாஸ்டர் குழாயைத் திறந்துவிட்டார். ஆறு மாதமாகக் கைகொடுத்த குழாய்.

"சரி சரி, நல்லாத் துடைங்க. நாலு மணிக்கு நான் வேணா கூட வரட்டுமா?"

குழாய் படாரென்று மூடிக்கொண்டது. "வேணாம்மா! கடையை யாரு பாத்துப்பா?"

"அதுவும் சரிதான்" என்று செருப்புச் சத்தம் நகர்ந்தது.

அப்பாடா! இனி வேலையைப் பார்க்கலாம்.

முதலில், தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தார். எத்தனையோ கோட்டைப் பிரித்த ஊசி. ஆனால் கோட்டுக்குக் கண்ணாடி பார்த்து வேலை செய்ய வேண்டியதில்லை. கண்ணாடிக்குள் இடது என்றால் வலது. ஊசியை இந்தப் பக்கம் நகர்த்தினால் அது அந்தப் பக்கம் போயிற்று. நூலோ, இரண்டு பல்லும் ஒட்டியிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கிப் பதுங்கிக்கொண்டது. மெழுகு பூசிய நூல் வேறு, முனை பட்டால் வழுக்கியது. மூன்றாவது முயற்சியில் ஊசி சரியாகப் போய்க் குத்தியது. உதட்டில்.

வெட்ட முடியாவிட்டால் இழுக்கலாம். இழுக்கப் பிடி வேண்டும். பிடிக்கு இன்னொரு நூலைக் கட்டினால் என்ன?

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் டாக்டர் சாம்பிளுக்குக் கொடுத்த குட்டி நூல் டப்பாவில் ஒரு துண்டு மிச்சமில்லை. சட்டைப் பையில் கிடந்த கறுப்புப் பொத்தான் நூலை எடுத்தார். வளையத்தில் மாட்டினார். பிரிட்ஜுக்கு அடியில் விட்டார், பழைய நூலுக்கு உள்ளே நுழைத்தார், வெளியே எடுத்தார். பிறகு விரல்கள்...

"டேய், டேய்!" என்று தன் விரல்களையே அதட்டினார். அவை கேட்கவில்லை. இன்னொரு கடை முடிச்சு.

நல்லவேளை, இந்தத் தடவை கத்தரிக்கோலைத் தொடுவதற்குள் சுதாரித்துவிட்டார். ஒரு ஜாண் கறுப்பு நூல் உதட்டுக்கு வெளியே தொங்கியது. அதைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். இரண்டு முடிச்சும் சேர்ந்து இறுகின. கண்ணில் தண்ணீர் வந்தது. வலி ஒரு பக்கம் இருந்தாலும், 'என்ன முடிச்சுடா இது!' என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்போதுதான் அலமாரியில் இருந்த மாஸ்டரம்மாவின் மெஷின் கண்ணில் பட்டது. தண்ணீரை ஊசி மாதிரிப் பீச்சிப் பிரிட்ஜுக்கு அடியில் கழுவுகிற மெஷின். தண்ணீர் பீய்ச்சினால் முடிச்சு இளகாதா? தண்ணீரை நிரப்பினார். வெளிச்சம் போதவில்லை என்று கதவைத் திறந்து வைத்தார். பட்டனை அமுக்கினார்.

அமுக்குவதற்கு முன்னால் முனையை வாய்க்குள் வைத்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது.

தண்ணீர் முதலில் கண்ணாடியில் அடித்தது. பதறி மெஷினைத் திருப்பினார், கூரையில் அடித்தது. இன்னும் பதறிக் கீழே கொண்டுவந்தார். கதவுக்கு நேர் எதிரே, கட்டிங் அறையில், கையும் தலையும் இல்லாமல் நின்ற பொம்மையின் நெஞ்சில் நாலு ஈரக் கோடு விழுந்தது. பொம்மை போட்டிருந்தது வக்கீலின் கறுப்புக் கோட்டு. அதில் அவர் போன வாரம் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சாக் கோடுகள், பட்டன் எங்கே, பை எங்கே, இடுப்பு எங்கே என்று சொல்கிற அத்தனை கோடுகளும், பாலாகக் கரைந்து வழிந்தன.

ஓடிப்போய்த் துண்டால் ஒற்றினார். முன்பக்கக் கோடுகள் போயின. காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தார். பின்பக்கக் கோடுகளும் போயின.

"மாஸ்டர், இருக்கீங்களா?" என்று வாசலில் குரல் கேட்டது. வக்கீல், பத்து நிமிஷம் முன்னதாகவே.

மாஸ்டர் கறுப்பு நூலைச் சுருட்டிக் கன்னத்துக்குள் அடக்கினார். பிறகு ஒரு யோசனை வந்தது. நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். வாயில் குண்டூசி இருக்கிற தையல்காரரை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

வக்கீலைத் தவிர.

"என்ன மாஸ்டர், இன்ச் டேப்பை எடுக்கறீங்க? அளவுதான் போன வாரமே எடுத்தாச்சே?"

"ம்."

"நான் குண்டாயிட்டேனா?"

"ம்ஹூம்."

"இளைச்சுட்டேனா?"

"ம்ஹூம்."

"ரெண்டும் இல்லைன்னா எதுக்கு மறுபடி அளவு?" என்று கோட்டுக்குள் கையை விட்டார் வக்கீல். ஒரு பக்கம்தான் கை தைத்திருந்தது. மறுபக்கம் அவருடைய வெள்ளைச் சட்டைக் கை நீட்டிக்கொண்டு நின்றது. "அட, கோட்டு ஏன் சூடா இருக்கு? ஈரமா வேற இருக்கு?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். வக்கீலும் கூரையைப் பார்த்தார்.

"ஒழுகுதா?"

"ம்!"

"வெளியில வெயில் கொளுத்துதே மாஸ்டர்?"

மாஸ்டர் அவர் தோளை அளந்தார். வக்கீல் விடவில்லை.

"பேசாம இருக்கறது உங்க உரிமை. நான் தடுக்கல. ஆனா பேசாம நிக்கறவங்க எதையாவது மறைக்கறாங்கன்னு என் தொழில் அனுபவம் சொல்லுது. என் மேல கோவமா? போன தடவை கோட்டு டைட்டுன்னு சொன்னேனே, அதுவா?"

"ம்ஹூம்ம்ம்" என்று மாஸ்டர் அவசரமாகத் தலையாட்டினார். ஆட்டின ஆட்டத்தில் கன்னத்துக்குள் சுருண்டிருந்த நூல் அவிழ்ந்து, குண்டூசிகளுக்கு நடுவே வெளியே நழுவியது. அவர் கவனிக்கவில்லை. காலர் மடிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தது. அதற்கு இப்போதைக்கு ஒரு ஓட்டுத் தையல் போட்டு வைக்க வேண்டும். வக்கீலின் நெஞ்சுக்கு அருகே குனிந்தார். கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்பு நூல் தயாராகத் தொங்கியது.

கறுப்புக் கோட்டு. கறுப்பு நூல். சட்டையில் குத்தியிருந்த ஊசி கைக்கு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததற்கு அந்த விரல்கள்தான் பொறுப்பு. ஊசியில் கோத்தன. காலர் மடிப்பில் ஐந்து தையல், சீராக, நூல் பிடித்த மாதிரி. முடிச்சு. கடை முடிச்சு. 'க்ளிக்'.

"எங்க, கண்ணாடியில பாக்கறேன்" என்று வக்கீல் திரும்பி நடந்தார்.

மாஸ்டரும் கூடவே நடந்தார். வேறு வழியில்லை.

"மாஸ்டர், கண்ணாடி அந்தப் பக்கம் இருக்கு. நீங்க ஏன் என் நெஞ்சு மேல சாஞ்சுக்கிட்டு வர்றீங்க?"

"உம்ம்ம்!"

வக்கீல் நின்றார். குனிந்து பார்த்தார். தையல்காரரின் நரைத்த தலை தன் மார்பில் கிடந்தது. கண்கள் கலங்கியிருந்தன. வக்கீலுக்கு மனசு இளகிவிட்டது.

"அழறீங்களா மாஸ்டர்? சொல்லுங்க, வீட்டுல ஏதாவது பிரச்சினையா? மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

தட்டின தட்டில் மாஸ்டர் வாயிலிருந்து நாலு குண்டூசியும் கொட்டின. பின்னாலேயே, உதட்டிலிருந்து கோட்டுக் காலர்வரை விறைப்பாக நின்ற கறுப்பு நூல் வக்கீலின் கண்ணில் பட்டது.

"அய்யோ, என்னது இது?" என்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"ஆஆஆ!"

"அசையாதீங்க!"

வாசலில் மாஸ்டரம்மா. காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுப் பறந்து வந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வக்கீலைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, நூலைத் தளர்த்தினார்.

"இழுக்காதீங்க. இழுத்தா ஈறுக்குள்ள இறங்கிடும். நாக்கால தள்ளவும் தள்ளாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க. ஆங், அப்படித்தான்." கத்தரிக்கோலை வாங்கி நூலை நடுவில் வெட்டினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "எத்தனை?"

மாஸ்டர் இரண்டு விரலைக் காட்டினார்.

மாஸ்டரம்மா கண்ணை இறுக மூடித் திறந்தார். "கடை முடிச்சா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு மணிவரைக்கும் தாங்காது. இப்பவே போங்க" என்றார்.

"என் கார் வெளியிலதான் நிக்குது" என்றார் வக்கீல். "வாங்க, ரெண்டு பேரும் ஏறுங்க."

"நான் எதுக்கு சார்? நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. கடையில ஆள் வேணும்."

"பேச முடியாதவர் சார்பா யாராவது பேச வேணாமா? கடைக்குப் பூட்டு எதுக்கு இருக்கு?"

"இந்நேரம் டாக்டர் சாப்பிடப் போயிருப்பாரு சார். அங்க உதவிக்கு இருக்கற பொண்ணு மட்டும்தான் இருக்கும்."

"போய்த்தான் பாப்போமே!"

போனார்கள். ஒற்றைக் கை கோட்டோடு வக்கீல் வண்டி ஓட்டினார். பின்சீட்டில் மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதப் பொய் வெளியே வரப்போகிறது. அதைவிட, கட்டிங் டேபிள் போகப்போகிறது. பக்கத்தில் மாஸ்டரம்மா ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். 'கோவத்துல பேச மாட்டேங்கறா' என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். உதவிக்கு இருக்கும் பெண்தான் சாப்பிடப் போயிருந்தது. அந்தப் பெண்ணின் காலி நாற்காலியைப் பார்த்ததும் மாஸ்டரம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"டாக்டர், சட்டுன்னு எடுத்து விட்டுடுங்க. நாங்க போகணும்."

டாக்டர் விளக்கை இழுத்து வாய்க்குள் அடித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னங்க இது, ப்ளவுஸுக்குக் கொக்கி வச்ச மாதிரி தைச்சு வச்சிருக்கீங்க?"

"ழூழ் விழ்ழேன்" என்றார் மாஸ்டர், டாக்டரின் விரல் வாயில் இருந்ததால்.

டாக்டர் கொக்கியால் நெம்பினார். இறுகியது. சின்னக் கத்தியை எடுத்தார், நூல் ஈறோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வைத்துவிட்டார். "வெட்டினா ஈறும் சேர்ந்து வரும் போலிருக்கே. இதை எப்படி அவுக்கறது, நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது டாக்டர். உலகத்துல யாருக்குமே தெரியாது" என்றார் மாஸ்டர், விரல் வெளியே வந்ததும்.

"தினமும் நூல் விடற ஆளுக்கா இப்படி ஆச்சு?"

அந்த இடத்தில் மாஸ்டர் உடைந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"தினமும் விடலம்மா. ரெண்டு நாள்தான் விட்டேன். ரத்தம் வந்துச்சு, பயந்துட்டேன். அதுக்கப்புறம் ஆறு மாசமா வெறும் குழாயைத் திறந்து விட்டுட்டு வந்து உன்கிட்டப் பொய் சொன்னேன். இன்னிக்குத்தான் மறுபடி நூலைத் தொட்டேன், அதுவும் முடிச்சுப் போட்டுத் தொலைச்சுட்டேன்."

வக்கீல், "வாக்குமூலம் தெளிவா இருக்கு" என்று முணுமுணுத்தார்.

"ரத்தம் வந்தா நிறுத்தக் கூடாதுங்க" என்றார் டாக்டர். "அழுக்கு இருக்கறதாலதான் ரத்தமே வருது. பதமா தினமும் துடைச்சா தானா நிக்கும். ஈறு வீங்கிப் போயிருக்கு பாருங்க. நல்லவேளை, தாங்கற ரெண்டு பல்லும் இன்னும் கெட்டியா இருக்கு. இன்னிலேருந்து ஒழுங்கா இருந்தா பொழைச்சுக்கலாம். ஆனா 'சுத்தமா இருக்கு'ன்னு என் வாயால சொல்ல முடியாது."

"வேணாம் டாக்டர், சொல்லாதீங்க. நான் தோத்துட்டேன்." மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார். "கட்டிங் டேபிள் இனிமே உன்னோடதும்மா. பெரிய கத்தரிக்கோலும். வக்கீல் சார் கோட்டுக்கு இன்னொரு கையை நீயே வெட்டு. நான் காஜா எடுக்கறேன்."

டாக்டர் விடாமல் தொடர்ந்தார். "உங்க வீட்டம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க. ரிஜிஸ்டரைப் புரட்டினா மாசாமாசம் அவங்க பேர் இருக்கு. நான் சாப்பிடப் போற நேரத்துல வந்து, என்னைக்கூடத் தொந்தரவு பண்ணாம, நம்ம பொண்ணுகிட்டக் காட்டிட்டுப் போயிடறாங்க. அக்கறைன்னா அது அக்கறை!"

"அவ அப்படித்தான் டாக்டர். நான்தான் பொய்யன்" என்றார் மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரிங்க, அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்." மாஸ்டரம்மாவின் குரல் வழக்கத்துக்கு மாறாக மென்மையாக இருந்தது. "மனுஷன்னா தப்புப் பண்ணத்தான் செய்வாங்க. டேபிளை வேணா ஆளுக்குப் பாதியா வச்சுக்கலாம்."

மாஸ்டர் அவரை அண்ணாந்து பார்த்தார். ஜெயித்த பிறகு பாதியை விட்டுக்கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அந்த நிமிஷத்தில் மனைவி அவருக்கு மாஸ்டரம்மாவாகத் தெரியவில்லை, மாஸ்டராகவே தெரிந்தார்.

"ஆளுக்குப் பாதியெல்லாம் வேணாம்மா. முழுசா எடுத்துக்கோ. உனக்குத்தான் அந்தத் தகுதி இருக்கு. என்னை மாதிரி முடிச்சுப் போட்டுக்கிட்டு முழிக்கிற ஆளா நீ?"

மாஸ்டரம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது கதவு திறந்தது. உதவிக்கு இருக்கும் பெண், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தது.

மாஸ்டரம்மா சட்டென்று எழுந்தார். "வாங்க போகலாம். நாலு மணிக்கே வந்துக்கலாம்."

"என்னம்மா, இன்னும் அவுக்கவே இல்லையே!" என்றார் டாக்டர். "ஏம்மா, நீ கொஞ்சம் விளக்கைப் பிடி. பெரிய சிக்கலா இருக்கு. அறுக்கவும் முடியல, அவுக்கவும் முடியல."

அந்தப் பெண் விளக்கைப் பிடித்தது. எட்டிப் பார்த்தது. "இதுவா?" என்றது. கையுறையை மாட்டி, தட்டிலிருந்து ஒரு மெல்லிய கொக்கியை எடுத்தது. நூலை இழுக்கவில்லை. முடிச்சை உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளியது, இடது பக்கம் ஒரு திருப்பு, மேலே ஒரு சுண்டு. வெள்ளை நூல் வெளியே வந்தது. இன்னொரு தள்ளு, திருப்பு, சுண்டு. கறுப்பு நூலும் பின்னாலேயே வந்தது.

மாஸ்டர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கடை முடிச்சு அவிழ்ந்திருக்கிறது! பிளந்த வாயை மூட மறந்து கேட்டார்.

"எப்படிம்மா? அதைப் போட்ட எனக்கே அவுக்கத் தெரியாதே! உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

கொக்கியைக் கழுவிக்கொண்டே அந்தப் பெண் சொன்னது:

"யாரும் சொல்லிக்கொடுக்கல சார். ஒரு வருஷமா இந்த அம்மா வாயில மாசாமாசம் இதே முடிச்சை அவுத்து அவுத்து, தானா வந்துடுச்சு!"